சென்னையா, பெங்களூரா? 200 வருஷத்துக் கேள்வி

இந்த எபிசோட்ல ராஜா, போர்னு ஆரம்பிக்கல. எங்க வீட்டுப் பஞ்சாயத்துல இருந்து ஆரம்பிக்கறேன்.

என் மனைவிக்கு பெங்களூர்ல ஒரு நல்ல வேலை கிடைச்சிருக்கு. நான் எங்க இருந்து வேணும்னாலும் கோடு எழுதலாம். பொண்ணுக்கு ரெண்டு வயசு. அப்பா, அம்மா எங்களோட சென்னையில இருக்காங்க. பதில் சொல்ல மூணு வாரம் டைம்.

இன்ஜினியர் என்ன பண்ணுவான்? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஆபீஸ் போற நேரம், வெயில், தண்ணி, ஆஸ்பத்திரி. ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க். கூட்டிப் பாத்தா பெங்களூர் ஒரே ஒரு மார்க்ல முன்னாடி நிக்குது. ஒரு நாள் நல்ல மழை பெஞ்சா அதுவும் மாறிடும்.

அப்பா அந்த ஷீட்டைப் பாக்கவே இல்ல. "எங்க வேணா போங்கப்பா. பெங்களூர்னா மட்டும் ரெண்டு தடவ யோசிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். அதுக்கு மார்க் போட என் ஷீட்ல கட்டமே இல்ல.

அதனால வழக்கமா செய்யுற வேலையைச் செஞ்சேன். இந்த ரெண்டு ஊரையும் முதன்முதல்ல யார், எதுக்காகத் தேர்ந்தெடுத்தாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

துறைமுகம் இல்லாத கடற்கரை

1639. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஃபிரான்சிஸ் டே சோழமண்டலக் கரையில் இடம் தேடுகிறார். கடைசியில் அவர் பிடித்த இடத்தை இன்றைக்கு ஒரு கன்சல்டன்ட் பார்த்தால் சிரிப்பார். இயற்கையான துறைமுகம் கிடையாது. அலை அடிக்கிற வெறும் மணல். கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி, அலையோடு மல்லுக்கட்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1870களில் ஒரு செயற்கைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதையும் அடித்து நொறுக்கியது.

அப்புறம் ஏன் அந்த இடம்? துணி. அந்த வட்டாரத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. இடத்தைத் தர உள்ளூர் நாயக்கரும் தயாராக இருந்தார். கம்பெனிக்கு அது போதும்.

கோட்டை வந்தபிறகு ஆள் வேண்டுமே. அதனால் குடும்பங்களைக் கூப்பிட்டுக் குடியேற்றினார்கள். 1734ல் கூவம் வளைகிற இடத்தில் நெசவாளர்களுக்கென்றே ஒரு பேட்டை அமைத்தார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். இன்றைக்கு மீன் மார்க்கெட்டுக்கும் பிரஸ்ஸுக்கும் நாம போற அந்த ஏரியா, ஒரு காலத்துல கம்பெனி கட்டிக்கொடுத்த ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மாதிரி.

குடிதண்ணீர்? 1772ல் ஏழு கிணறு திட்டம் வருகிறது. கிணறுகளில் எடுத்த தண்ணீர் கோட்டைக்குப் போனது. தெருவுக்கு இன்றும் அதே பெயர். ஊர் பிறந்து 130 வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஒழுங்கான ஒரு குடிநீர்த் திட்டமே வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்க.

கொசுவுக்குப் பயந்து வந்த ஊர்

இப்போ மேல ஏறுவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர்.

பெங்களூரின் பழைய ஊர் கெம்பேகவுடா கட்டியது. 1537 என்று சொல்வார்கள். ஆனால் நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் 1809. 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காவிரி இருக்கிறது, கோட்டை இருக்கிறது, கூடவே மலேரியாவும் இருந்தது. சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். அதனால் படையைத் தூக்கி, அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், காற்று நன்றாக இருந்த மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அதுதான் பெங்களூர் கன்டோன்மென்ட். சனங்க வாயில 'தண்டு'.

யோசிச்சுப் பாருங்க. ஆற்றங்கரையில் இருந்தவர்கள், ஆறே இல்லாத ஊருக்கு விரும்பி மாறினார்கள். நல்ல காற்று வேண்டும் என்பதற்காகத் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள்.

அந்தப் படை மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்தது. அதனால் கூடவே நம்ம ஆட்களும் போனார்கள்: சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், வண்ணார்கள், காய்கறி சப்ளை செய்த ஒப்பந்தக்காரர்கள், அவர்களுடைய குடும்பங்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப்பிரிவு 1834ல் பெங்களூரைத் தலைமையிடமாக ஆக்கிக்கொண்டது. இன்றைக்கும் அல்சூர் ஏரி பக்கம்தான் இருக்கிறது. பெயரில் இன்றும் மதராஸ் உண்டு.

இன்னொரு விஷயம். 1881ல் மைசூர் ராஜ்ஜியத்தை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோதும், தண்டை மட்டும் ஆங்கிலேயர்கள் விடவில்லை. 1947 வரை ஒரே ஊருக்குள் ரெண்டு நிர்வாகம். ஒரு பக்கம் கன்னடம் பேசும் பேட்டை, மகாராஜா ஆட்சி. இன்னொரு பக்கம் தமிழும் உருதும் ஆங்கிலமும் புழங்கிய தண்டு, பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆட்சி. நடுவில் கப்பன் பார்க். 1949ல்தான் ரெண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். "இது யாரோட ஊர்?" என்ற கேள்விக்கு அங்கே இவ்வளவு சூடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜோலார்பேட்டை

1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓடத் தொடங்குகிறது. கடற்கரை ஊரும் மேட்டு ஊரும் தண்டவாளத்தால் இணைந்துவிட்டன. அதற்குப் பிறகு மாறிப்போவது மாட்டுவண்டிப் பயணம் இல்லை, ஒரு டிக்கெட்.

அதுக்கப்புறம் இந்த ஊரா அந்த ஊரா என்பதைப் பெரும்பாலும் வேலைதான் முடிவு பண்ணியது. மதராஸில் துறைமுகம், பின்னி மில், ரயில்வே, பிறகு 1955ல் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெங்களூரில் 1940ல் எச்.ஏ.எல்., 1948ல் ஐ.டி.ஐ., 1953ல் எச்.எம்.டி., 1954ல் பி.இ.எல். நம்ம தாத்தா தலைமுறையில் ஒருத்தர் ஃபிட்டராகவோ டர்னராகவோ இருந்திருந்தால், இந்த லிஸ்ட்டில் ஒன்றுக்காவது அப்ளிகேஷன் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.

கடல் கொடுத்த ஊருக்குக் கடலே பயமாகவும் இருந்தது. 1914ல் எம்டன் கப்பல் மதராஸ் மேல குண்டு போட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் மதராஸ்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள். மூட்டை கட்டுறது நம்ம தலைமுறை கண்டுபிடிச்சது இல்ல.

ரெண்டு ஊருக்கும் ஆறு இல்ல

கூவமும் அடையாறும் இருக்கேன்னு நீங்க கேக்கலாம். வருஷம் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் தருகிற ஆறு ரெண்டு ஊருக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டும் ஏரியை நம்பி வளர்ந்த ஊர்கள். வளர்ந்ததும் ரெண்டும் அந்த ஏரிகளையே தின்றன.

சென்னையில் மாம்பலத்தை ஒட்டிய நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு. வியூல லேக்தான் இல்ல. பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் நிற்கிற இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிற இடம் சம்பங்கி ஏரி.

பிறகு தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. சென்னை முதலில் செங்குன்றம், 1944ல் பூண்டி, 1996ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா, 2004ல் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற வீராணம் என்று போனது. கடைசியில் கடல்நீரையே சுத்திகரித்துக் குடிக்கிறோம். பெங்களூர் 1890களில் ஹெசரகட்டா, 1933ல் திப்பகொண்டனஹள்ளி, 1974ல் காவிரி. அந்தக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து, சுமார் அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு ஏறுகிறது. 1809ல் விட்டுவிட்டு வந்த அதே ஆறு!

வீராணம் நிரம்புவதும் காவிரியால்தான். ஆக, ரெண்டு ஊரும் ஒரே ஆற்றின் ரெண்டு முனையில் குழாய் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அதனால் வந்த வலிதான் அப்பாவோட அந்த ஒரு வரி.

1991

கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பெங்களூர்ல இருந்தார்னு எனக்குத் தெரியும். ஏன் வந்துட்டார்னு நான் கேட்டதில்ல. போன வாரம் கேட்டேன்.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், கர்நாடகம் வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடவேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பலர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டுப் பக்கமும் பதில் தாக்குதல்கள் நடந்தன.

அப்பாவுக்கு அப்போ 25 வயசு. ஒரு சின்ன பட்டறையில லேத் ஓட்டிக்கிட்டிருந்தார். ஸ்ரீராமபுரத்துல வாடகை ரூம். கையில கிடைச்ச ரெண்டு சட்டையோட ஒரு லாரில ஏறி ஓசூர் வந்து, அங்கிருந்து ஆம்பூர் வந்துட்டார். திரும்பிப் போகவே இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு அவரோட தகரப்பெட்டி லாரி ஆபீஸ் மூலமா ஊருக்கு வந்துச்சு. உள்ள மைக்ரோமீட்டர், சர்டிபிகேட், துணி எல்லாம் அப்படியே. அனுப்பினது ஹவுஸ் ஓனரம்மா. கன்னடக்காரங்க. பெட்டி மேல அப்பா பேரைக் கன்னடத்துல பெயின்ட்ல எழுதியிருந்தாங்க. எங்க வீட்டுப் பரண்ல சின்ன வயசுல இருந்து நான் பாக்குற பெட்டி அது. மேல இருக்குறது ஏதோ கம்பெனி பேருன்னு நினைச்சிருந்தேன்.

"அந்தம்மாவுக்கு ஒரு லெட்டர் கூட போடல"ன்னார் அப்பா. ரொம்ப நேரம் வேற எதுவும் பேசல.

எந்தக் குறையோட வாழலாம்?

2016 செப்டம்பர்லயும் பெங்களூர்ல தமிழ்நாட்டு நம்பர் பஸ்கள் எரிஞ்சது. அதை மறைச்சுட்டு "இப்பெல்லாம் எதுவும் இல்லப்பா"ன்னு அவர்கிட்ட சொல்ல முடியாது. ஆனா சென்னை பத்திரம்னும் முழுசா சொல்ல முடியல. 2015 டிசம்பர்ல எங்க தெருவுல படகு வந்துச்சு. 2019ல நாலு ஏரியும் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயில்ல குடிதண்ணி வந்துச்சு. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். 1864ல ஆட்களைப் பெங்களூருக்கு ஏத்திவிட்ட அதே ஜங்ஷன். பெங்களூர்ல 2022 செப்டம்பர்ல ஐ.டி. ஊழியர்கள் டிராக்டர்ல ஆபீஸ் போனாங்க. 2024 மார்ச்சுல போர்வெல் வத்தி டேங்கருக்கு அலைஞ்சாங்க.

படிச்சதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். எதுவும் குறையில்லாத ஊர்னு பாத்து யாரும் இங்க குடியேறல. மதராஸை எடுத்தவன் துணிக்காகத் துறைமுகம் இல்லாததைப் பொறுத்துக்கிட்டான். பெங்களூரை எடுத்தவன் காத்துக்காக ஆறு இல்லாததைப் பொறுத்துக்கிட்டான். நல்லதை எல்லாம் கூட்டி மார்க் போட்டா ரெண்டு ஊரும் சமமாத்தான் வரும். எந்தக் குறையோட பத்து வருஷம் வாழ முடியும்னு கேட்டா வித்தியாசம் தெரியும். அந்தப் பதிலை வீட்டுல இருக்குற எல்லார்கிட்டயும் தனித்தனியாக் கேக்கணும். ஏன்னா குறையோட விலையை எல்லாரும் ஒரே மாதிரி கொடுக்கப்போறதில்ல.

நாங்க கேட்டோம். அம்மா டிராஃபிக் பிரச்சனையில்லை, வெயில்தான் முடியலன்னாங்க. மனைவி, "இந்த வேலைய விட்டா என் ஃபீல்டுல இங்க இன்னொண்ணு கிடைக்கணுமே"ன்னா. அப்பா கடைசியாத்தான் பேசினார். "நீங்க போங்க. நான் அம்மாவோட மே மாசம் வந்து இருக்கேன். பாத்துட்டு மீதியைச் சொல்றேன்."

போன ஞாயித்துக்கிழமை வீடு பாக்கப் போனோம். புரோக்கர்கிட்ட பேசிட்டிருக்கும்போது அப்பா போன்ல.

"வீட்டுக்குக் காவேரித் தண்ணி லைன் இருக்கா, வெறும் போர்தானான்னு கேட்டியா?"

"ரெண்டும் இருக்குப்பா."

"சரி. அப்ப குழந்தைக்குக் கன்னடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு பண்ணு. நீயும் கத்துக்க."

அடுத்த எபிசோட் புது வீட்டுல இருந்து. பின்னாடி சத்தம் கேட்டா, மூட்டை பிரிச்சுட்டிருக்கோம்னு புரிஞ்சுக்கோங்க.