கையடக்கக் கருவியும் கணினி இணைப்பும்: உடப்புக் கரையிலிருந்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்பும் எல்லையாக அமைந்த உடப்பு, ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் இரு காரணங்களால் அறிமுகமான ஊராகும். ஒன்று, திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு. மற்றையது, கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள். இவை சமய வழக்காறு, நாட்டாரியல் ஆகிய நோக்குகளில் கவனிக்கப்பட்டு வந்துள்ளன. ஆயின் இத்தகைய ஊர்களை மரபின் காப்பகங்களாக மாத்திரம் காணும் வழக்கத்தில் ஒரு குறைபாடு உண்டு. நவீன தொழினுட்பத்தின் வரலாறு எழுதப்படும்பொழுது இவ்வூர்கள் அதில் இடம்பெறுவதில்லை. தொழினுட்பம் கலிபோர்ணியாவிலும் தோக்கியோவிலும் உருவாவது, அதன் விளைவு மட்டுமே உடப்பு போன்ற ஊர்களை வந்தடைவது என்பது இந்நோக்கின் உட்கிடையாகும்.

கையில் அடங்கும் மின்னியல் குறிப்பேடு, அதனைத் தனியாள் கணினியுடன் இணைக்கும் முறை ஆகியவற்றின் வரலாற்றினை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய முற்படுகின்றோம். இவ்வரலாற்றைக் கருவிகளின் பட்டியலாக எழுதுவது எளிது. நமது கேள்வி வேறு. ஓர் இணைப்புக்கு இரு முனைகள் உண்டு. அம்முனைகளில் இருப்போர் யாவர்? அவருள் கேட்கும் உரிமை எவருக்கு, விடை கூறும் கடமை எவருக்கு? உழைக்கும் மக்களின் நிலையில் நின்று நோக்குமிடத்து, இக்கேள்வியே முதன்மையானது என்பது நமது கருத்தாகும்.

2

கரைவலைத் தொழிலின் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்வது இங்கு பயனுடையது. வள்ளத்திற் கொண்டுசென்று வளைத்துவிடப்பட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரு அணியினர் நின்று இழுப்பர். ஓரணி முந்தினால் வலை சாயும், மீன் தப்பும். எனவே இரு அணிகளும் ஒரே சீரில் இயங்கவேண்டும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் எதிரொலிக்கும் அம்பா, இச்சீரைப் பேணும் உழைப்புச் சாதனமாகும். கணினியியலார் ஒத்திசைவு என்று குறிப்பிடும் செயற்பாட்டின் அடிப்படைச் சிக்கலை, அதாவது தொலைவிலுள்ள இரு முனைகளை ஒருநிலைப்படுத்தும் சிக்கலை, இவ்வுழைப்பாளர் தமது குரலால் தீர்த்து வந்துள்ளனர்.

இத்தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது கணக்கு. பிடிபட்ட மீனின் வருவாயிலிருந்து செலவு கழித்து, வலையுரிமையாளருக்கும் இழுத்தவர்க்கும் பங்கு பிரிக்கப்படும் தொழில் இது. இதில் எழுதப்பட்ட கணக்கு எவரிடம் இருக்கின்றது, அதனை எவர் வாசிக்க இயலும் என்பன உற்பத்தி உறவுகளைச் சார்ந்த விடயங்களாகும். மின்னியல் குறிப்பேடு இக்கணக்குக் கொப்பியின் வழித்தோன்றலே. ஆதலின் கொப்பியைப் பற்றி எழும் கேள்விகள் கருவியைப் பற்றியும் எழுவது இயல்பு.

3

பிரித்தானியாவின் சயன் நிறுவனம் 1984இல் ‘ஓகனைசர்’ என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. 1986இல் வந்த அதன் இரண்டாம் வடிவம், தனியே வாங்கவேண்டிய ஒரு வடத்தின் துணையுடன் கணினியோடு பேச வல்லதாயிற்று. யப்பானின் ஷார்ப் நிறுவனம் 1989இல் ‘விசாட்’ என்ற மின்னியல் நாட்குறிப்பை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. இக்காலத்து இணைப்புகள் பெரும்பாலும் ஆர்.எஸ்.232 என்னும் தொடர்நிலைத் தரத்தை நம்பியிருந்தன. 1960இல் அமெரிக்காவில், தொலைபேசி வழியாகத் தரவு அனுப்பும் சாதனங்களுக்கென வகுக்கப்பட்ட தரம் அது. ஒவ்வொரு முனையும் எவ்வேகத்தில் அனுப்புவது, பிழையைக் கண்டறிய எத்தகைய துணுக்கைச் சேர்ப்பது, எங்கு நிறுத்துவது என்பனவற்றை முன்கூட்டியே உடன்பட்டிருத்தல் வேண்டும். உடன்பாடு தவறின் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

1993இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘நியூட்டன்’ கையெழுத்தை வாசிக்க முயன்று போதிய வெற்றி பெறாது, 1998இல் கைவிடப்பட்டது. 1996இல் வந்த ‘பைலற்’ வேறொரு கருத்தினை அடிப்படையாகக் கொண்டது. ஜெவ் ஹோக்கின்ஸ் முதலியோர் அமைத்த பாம் நிறுவனம், கையடக்கக் கருவியைத் தனித்த கணினியாகக் கருதாது, மேசைக் கணினியின் ஒரு கிளையாகக் கருதியது. 128 கிலோபைற்று நினைவகமும் இரு சிறு மின்கலங்களும் உடைய அக்கருவியை ஒரு தொட்டிலில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், இருபுறத்துக் குறிப்புகளும் ஒப்பிடப்பட்டுச் சமநிலை அடையும். மின்கலம் தீர்ந்தால் கருவியின் நினைவு அழியும். கணினியிலுள்ள படியே அதனை மீட்கும். ஒரே குறிப்பு இருபுறத்திலும் வெவ்வேறாக மாற்றப்பட்டிருப்பின், எதனையும் அழிக்காது இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதில் இருந்தது. எது சரியென்பதைப் பயனரே தீர்மானித்தார்.

இது கவனத்திற்குரியது. இரு பதிவுகள் முரண்படும்பொழுது எதை ஏற்பது என்பது பொறியியல் நுட்பம் போலத் தோன்றினும், உண்மையில் அது அதிகாரம் பற்றிய தீர்மானமாகும். சொந்தக் குறிப்பேட்டை உடையவர் தாமே இரு முனைகளிலும் இருந்தார். ஆதலின் தீர்மானம் அவருடையதாயிற்று. கருவி ஒருவர் கையிலும் கணினி இன்னொருவர் மேசையிலும் இருக்கும்பொழுது நிலைமை மாறிவிடுகின்றது.

4

பைலற் வெளிவந்த அதே 1996இல், இன்ரெல், ஐ.பி.எம்., மைக்ரோசொவ்ற் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்புத் தரத்தை வெளியிட்டன. குஜராத்திற் பிறந்த இன்ரெல் பொறியியலாளர் அஜய் பட் இதன் உருவாக்கத்தில் முதன்மையான பங்கு வகித்தவர். அதுவரை அச்சுப்பொறிக்கு ஒரு துறை, விசைப்பலகைக்கு வேறொரு துறை, குறிப்பேட்டுக்கு இன்னொன்று எனக் கணினியின் பின்புறம் வெவ்வேறு வடிவத் துறைகளால் நிறைந்திருந்தது. 127 சாதனங்கள் வரை ஒரே வழியில் இணைக்க இடமளித்த இத்தரம் அக்குழப்பத்தை நீக்கியது. சாதாரண மக்களின் பாவனைக்கு இது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை.

எனினும் அதன் உள்ளமைப்பு ஒரு படிநிலையைக் கொண்டது. கணினி தலைமை, இணைக்கப்படும் புறச்சாதனம் அதன் கீழ் இயங்குவது. தலைமை கேட்டாலன்றிச் சாதனம் தானாக வாய்திறக்க முடியாது. இரு கையடக்கக் கருவிகளை நேரே இணைத்தால் அவை பேசிக்கொள்ளா. நடுவில் ஒரு கணினி வேண்டும். இக்குறையை நீக்கும் துணைத்தரம் 2001இலேயே வெளிவந்தது. மேலும், உற்பத்தியாளர் தமக்குரிய அடையாள எண்ணைத் தரத்தைப் பேணும் மன்றத்திடம் பணம் செலுத்திப் பெறவேண்டும். அச்சாதனத்தை இயக்கும் மென்பொருள் உரிய இயங்குதளத்திற்கு எழுதப்பட்டிருத்தலும் வேண்டும். தரம் பொதுவானதாயினும் அதன் வாயில்கள் காவலற்றவை அல்ல.

5

வடமும் துறையும் பொருந்திய பின்னரும் தமிழருக்கு மூன்றாவது தடையொன்று எஞ்சியிருந்தது. அது எழுத்து. அக்காலக் கருவிகள் ஓர் எழுத்துக்கு எட்டுத் துணுக்குகளை ஒதுக்கின. அதனால் கிடைக்கும் 256 இடங்களுள் முற்பாதி உரோம எழுத்துக்களுக்கு உரியது. எஞ்சிய பாதியில் தமிழ் வடிவங்களை ஒவ்வொரு எழுத்துரு ஆக்குநரும் தத்தம் விருப்பப்படி அடுக்கினர். விளைவாக, ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் வாசிக்க முடியாததாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு ‘தமிழ்99’ விசைப்பலகையையும் ‘தாம்’, ‘தாப்’ குறியேற்றங்களையும் பரிந்துரைத்தது. புலம்பெயர் தமிழரிடையே ‘திஸ்கி’ வழங்கியது. 1991இலேயே யுனிகோட்டில் தமிழ் இடம்பெற்றிருந்தும், கையடக்கக் கருவிகளில் அது முறையாகத் தோன்ற நெடுங்காலம் சென்றது. தமிழ்நாட்டரசு 2010இலேயே யுனிகோட்டை ஏற்றது.

இதன் சமூக விளைவை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். உடப்பு என்னும் பெயரைத் தமிழில் ஐயமின்றி எழுதலாம். உரோம எழுத்தில் எழுதுவோர் சிலர் ‘உடப்பு’ என்றும், சிலர் சிங்கள வழக்கையொட்டி ‘உடப்புவ’ என்றும் எழுதுவர். மனிதருக்கு இரண்டும் ஓரூர். ஒத்திசைவு செய்யும் இயந்திரத்திற்கோ இரண்டும் ஈரூர்கள். தன் மொழியில் பதிவு பெறாத மக்கள், பதிவேட்டில் பிளவுண்டவராகவோ காணாதவராகவோ ஆகிவிடுகின்றனர்.

6

தென்னாசியாவில் இக்கருவிகள் எவ்வாறு பயன்பட்டன என்பதற்கு இரு வேறுபட்ட போக்குகளைச் சுட்டலாம். முதலாவது, கிராமியச் சுகாதாரப் பணி. 1990களின் நடுப்பகுதியில் இராஜஸ்தானில் கிராமத் தாதியர்க்கு நியூட்டன் கருவி அளித்துப் பரிசோதிக்கப்பட்டது. பல பதிவேடுகளிற் திரும்பத்திரும்ப ஒரே தகவலை எழுதும் சுமையைக் குறைப்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று. எனினும் வீடுவீடாகச் சென்று திரட்டப்பட்ட தகவல் மேல்நிலையங்களை நோக்கிச் செல்வதற்கே இத்தகைய ஏற்பாடுகளில் முதலிடம் இருந்தது. தகவல் தந்த தாய்மாருக்கு அது எவ்வடிவில் திரும்பும் என்பது இரண்டாம் நிலைக் கேள்வியாகவே இருந்தது.

இரண்டாவது, பெங்களூரில் உருவான சிம்பியூட்டர். 1998இல் அங்கு நடைபெற்ற கருத்தரங்கொன்றிற் கருக்கொண்ட இத்திட்டத்தை, இந்திய அறிவியற் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர் முதலியோரும் என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தாரும் முன்னெடுத்தனர். இலினக்சில் இயங்கும், இந்திய மொழிகளில் எழுத்தை ஒலியாக வாசிக்கும், 9,000 இந்திய ரூபாவுக்குக் கிடைக்கவேண்டும் எனக் கருதப்பட்ட கையடக்கக் கணினி இது. இதன் சிறப்பு, உடைமை பற்றிய அதன் கருத்தாகும். ஊருக்கு ஒரு கருவி. ஆளுக்கு ஒரு நுண்ணறி அட்டை. அட்டையைச் செருகியவுடன் பொதுக்கருவி அவரது சொந்தக் கருவியாகும். அமெரிக்காவின் ‘தனியாள்’ குறிப்பேட்டுக்கு மாற்றாக, கூட்டு உடைமையை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்பு இது எனலாம். 2004இல் சந்தைக்கு வந்த இக்கருவி சில ஆயிரங்களே விற்பனையாயிற்று. மலிந்து வந்த செல்லிடத் தொலைபேசி அதன் இடத்தைக் கைப்பற்றியது. சந்தையில் தோற்றமை அதன் கருத்து பிழையென்பதற்குச் சான்றாகாது.

7

கடற்கரை மக்களுக்கு மிக நெருக்கமான சான்று புதுச்சேரியில் உள்ளது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெறப்பட்ட அலையுயர முன்னறிவிப்பு தமிழில் ஒலிபெருக்கி மூலம் ஒலிபரப்பப்பட்டது. இங்கு முதன்மையான புறச்சாதனம் அந்த ஒலிபெருக்கியே. எழுத்தறியாதவரும் கடலுக்குச் செல்லுமுன் கரையில் நின்றே கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இவ்வமைப்பின் பெறுமதி வெளிப்பட்டது. நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த ஒருவர் தொலைக்காட்சிச் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் நிலையத்தின் ஒலிபெருக்கி வழியே அறிவித்து மக்களை வெளியேற்றினர். ஊரே உயிர் தப்பியது. கருவி ஊரின் பொறுப்பில் இருந்ததனாலேயே இது இயன்றது. மேலிடத்து அனுமதிக்குக் காத்திருப்பின் காலம் கடந்திருக்கும்.

கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரை செல்லிடத் தொலைபேசி பரவியமை பற்றி ரொபேர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு வைத்து நோக்கத்தக்கது. மத்தி மீன்பிடிப்போர் கடலிலிருந்தே பல துறைகளின் விலையை விசாரித்தமையால் அவர்தம் இலாபம் ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்தது. நுகர்வோர் செலுத்திய விலை ஏறத்தாழ 4 வீதம் குறைந்தது. விற்காது கொட்டப்படும் மீன் இல்லாதொழிந்தது. மீனவர் இங்கு கேட்கப்படுபவராக அன்றிக் கேட்பவராக இருந்தனர் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

8

இன்று குறிப்பேடு, தொலைபேசி, திசைகாட்டி, கணக்குக் கொப்பி யாவும் ஒரே கைத்தொலைபேசியில் அடங்கிவிட்டன. 2007இல் வெளிவந்த ஐபோன்கூட 2011 வரை ஒரு கணினியுடன் இணைத்த பின்னரே இயங்கத் தொடங்கியது. அதன்பின் வடம் மறைந்தது; இணைப்பு மறையவில்லை. தொட்டில் இருந்த மேசை, தொலைவிலுள்ள பெருநிறுவனத்தின் வழங்கிக் கணினிக்கு இடம்பெயர்ந்தது. முன்னர் இரு முனைகளையும் கண்ட பயனர், இன்று ஒரு முனையை மட்டுமே காண்கின்றார்.

கடற்றொழிலில் இதன் மற்றொரு முகமும் தெரிகின்றது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு விதித்த தடை மறுவாண்டு நீக்கப்பட்டது. அக்கால நிபந்தனைகளை நிறைவேற்றுமுகமாக, ஆழ்கடற் பலநாட் கலங்களில் இருப்பிடத்தைச் செய்மதி வழியே அறிவிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க இவை தேவையே. ஆயினும் கண்காணிக்கும் நிலையத்திற்குச் செல்லும் தகவல், கலத்தில் உழைப்பவருக்கும் அதே அளவில், அவரது மொழியில், புயலறிவிப்பாகவும் விலையறிவிப்பாகவும் திரும்பவேண்டும் என்பது நியாயமான கோரிக்கையாகும். கரைவலை போன்ற கரையோரத் தொழில்களுக்கு இத்தகைய ஏற்பாடு வருங்கால் இக்கோரிக்கை முன்னிற்றல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவது யாது? கையடக்கக் கருவியின் முற்போக்கான பண்பு அதன் வேகத்திலோ சிறுமையிலோ தங்கியிருக்கவில்லை. உடப்பில் உருவாகும் பதிவின் ஒரு படி உடப்பிலேயே இருத்தல். அது தமிழில் வாசிக்கவும் ஒலியாகக் கேட்கவும் கூடியதாதல். முரண்பாடு எழின் உழைத்தவரின் பதிவும் அழியாது நிற்றல். மேலிருந்து கேட்கப்படுவதுபோலக் கீழிருந்தும் கேட்க இயலுதல் ஆகிய நான்குமே அதனை அளக்கும் அளவுகோல்கள். கரைவலையை இழுக்க உழவு இயந்திரத்திற் பொருத்திய சுழற்பொறி பரவியபொழுது ஆட்தேவை குறைந்தது. அம்பாவின் தேவையும் குறைந்தது. சீரமைக்கும் ஆற்றல் பாடுவோரிடமிருந்து பொறியுடையவரிடம் சென்றது. அம்மாற்றத்தை நாட்டாரியலார் பாடலின் இழப்பாகப் பதிவு செய்தனர். அதனை உழைப்பவர் கைவிட்டுப்போன அதிகாரத்தின் வரலாறாகவும் வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிப்போமாயின், தகவற் கருவிகளின் இரு முனைகளில் நிற்போர் யாவர் என்ற கேள்வியை, கருவிகள் நிலைபெற்ற பின்னரன்றி, அவை வந்திறங்கும் வேளையிலேயே எழுப்ப நம்மால் இயலும்.