சொப்பினின் சிறு பியானோ: ஒரு சான்றாய்வு

பழம்பொருளொன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் வினவவேண்டுவது அது யாருடையது என்பதன்று. எங்கே, எப்பொழுது, எவராற் செய்யப்பட்டது என்பதேயாம். இம்முறை பிறழின் நேரும் இடர்ப்பாட்டிற்கு மயோர்க்காத் தீவின் சிறு பியானோக்கள் தக்க எடுத்துக்காட்டாகும்.

‘பியானினோ’ என்பது குட்டையான நிமிர்ந்த பியானோ வகை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இராபட் வோர்ணம் இத்தகைய கருவிகளை அமைத்தார். தந்திகள் நிலைக்குத்தாக நிற்றலின், சிற்றறையிலும் சுவரோடு சார்த்தி வைத்தற்கு அவை ஏற்றனவாயின. பாரிஸிற் பிளேயல் தொழிலகத்தார் இவ்வகையைத் திருத்திப் பரப்பினர்.

1838 நவம்பரில் இசைப்புலவர் சொப்பினும் எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்டும் மயோர்க்காவை அடைந்தனர். துறவியர் 1835இல் வெளியேற்றப்பட்டமையால் வறிதே கிடந்த வல்தெமோசா மடத்தில் அடுத்த மாதம் குடிபுகுந்தனர். பாரிஸிலிருந்து வரவேண்டிய பிளேயல் பியானினோ கடற்பயணத்தாலும் சுங்க வரித் தகராற்றாலும் தாமதித்து, 1839 ஜனவரியிலேயே மடத்தை எய்திற்று. அதுவரை சொப்பினுக்கு உதவியது அத்தீவிற் கிடைத்த எளிய பியானோவொன்றே. பெப்ரவரியில் அவர்கள் புறப்பட்டபொழுது பிளேயல் கருவி அத்தீவினர்க்கு விற்கப்பட்டது.

பிற்காலத்தில் அம்மடத்தின் இரு அறைகளில் இரு பியானோக்கள் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் சொப்பின் வாசித்ததெனக் காட்டப்பட்டது. நான்காம் அறையிலுள்ளது பிளேயல் கருவி, தொடரெண் 6668. அத்தொழிலகத்தின் பழம் பதிவேடுகள் பேணப்பட்டிருத்தலின் இத்தகைய எண் காலத்தை உணர்த்தும் திறவுகோலாகிறது. இரண்டாம் அறையின் கருவியோ சொப்பின் மறைந்த 1849இன் பின்னர்ச் செய்யப்பட்டதென நிபுணர் ஆய்வாற் பெறப்பட்டது. அது சொப்பின் வாசித்ததன்று என 2011இல் நீதிமன்றமும் தீர்த்தது. பல்லாண்டு பயணிகள் வணங்காக்குறையாகக் கண்டு சென்ற பொருளின் பெருமை இவ்வாறு வீழ்ந்தது.

எனினும் ஆய்வு இத்துடன் முடிந்திலது. சொப்பின் தம் 24 முன்னிசைகளை முடித்துப் பாரிஸிற்கு அனுப்பியது 1839 ஜனவரி 22ஆந் திகதி. பிளேயல் கருவி வந்து அப்பொழுது சில நாள்களே கழிந்திருந்தன. முன்னிசைகளுட் பல பயணத்தின் முன்னரே உருவானவை. ஆகவே, எஞ்சியவற்றை நிறைவு செய்த பணியிற் பெரும்பங்கு அந்த எளிய தீவுக் கருவியையே சாரும். பால்மாவைச் சேர்ந்த பவுசா என்பார் செய்ததாகக் கருதப்படும் அக்கருவியை 1913இல் வாந்தா லந்தொவ்ஸ்கா என்னும் இசைவாணி வாங்கினார்; 1940இல் நாசிகள் அவர் இல்லத்தைச் சூறையாடியபொழுது அதுவும் கவர்ந்து செல்லப்பட்டது.

பொய்யான கருவி போற்றப்பட்டது. மெய்யாக உழைத்த கருவி சூறைபோயிற்று. மரபுரை ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம், முடிபாகாது. முன்னோர் பொருளெனக் காட்டப்படும் எதனையும் மதிக்குமுன், அதன் எண்ணையும் ஏட்டையும் ஒப்புநோக்குதல் மாணாக்கர் பயிலவேண்டிய முதற் கடனாம்.