புகையிரதம் முதல் நுரைச்சோலை வரை



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே நிலக்கரிக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். ஆதலால் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'புகையிரதம்' என்ற சொல்லை நாம் இன்றும் வழங்கி வருகிறோம். கனடாவிலிருந்து வந்த டீசல் இயந்திரங்கள் நமது தண்டவாளங்களில் ஓடத் தொடங்கியது 1954 இல். கரி தின்று புகை கக்கிய பழைய இயந்திரங்கள் அதன்பின் படிப்படியாக ஒதுக்கப்பட்டுவிட்டன. புகை போய்விட்டது, சொல் மாத்திரம் நின்றுவிட்டது. நமது முதியோர் வாயில் வழங்கிய 'கரிக்கோச்சி'யும் அத்தகையதே. கொழும்பு புறக்கோட்டையில் 'காஸ் வேர்க்ஸ் வீதி' என்று ஒரு தெரு உண்டு. நிலக்கரியைச் சூடாக்கிப் பெற்ற வாயுவினால் நகரத்துத் தெரு விளக்குகள் எரிந்த காலத்தின் நினைவு அது. ஒரு நாட்டின் பொருளாதார வரலாறு ஆவணச் சுவடிகளில் மாத்திரமன்றி, மக்கள் பேச்சிலும் படிந்து கிடக்கிறது என்பதற்கு இவை சான்றுகள்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. கரியின் உடன்பிறப்பான காரீயத்தை உலகத்துக்கே ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது. ஆனால் அடுப்பில் இட்டு எரிக்கத்தக்க நிலக்கரியை நம் மண்ணில் வெட்டி எடுக்க வழியில்லை. இந்த நாடு எரித்த நிலக்கரியெல்லாம் கடல் கடந்து வந்ததே. அந்தக் கரி இங்கே யாருக்கு ஒளி தந்தது, யார் மீது படிந்தது என்பதையே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

முதற் கட்டம் கோப்பியின் காலம். 1865 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை புகையிரதச் சேவை தொடங்கியது. 1867 இல் பாதை கண்டியை எட்டியது. மாட்டு வண்டிகள் நாட்கணக்கில் இழுத்த கோப்பி மூட்டைகளை நீராவி சில மணித்தியாலங்களில் துறைமுகத்துக்கு இறக்கியது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவிக் கப்பல்களின் பெருவழியில் இலங்கை வந்து நின்றது. அதுவரை கப்பல்கள் கரி ஏற்றிச் சென்ற துறை காலி. 1875 இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 இல் தென்மேற்கு அலைதாங்கி நிறைவுற்றதும், அந்தப் பெருமை கொழும்புக்கு மாறியது. வேல்ஸ் நாட்டுக் கரியும் வங்காளத்துக் கரியும் இங்கே குவிக்கப்பட்டு, கப்பல்களுக்கு ஏற்றப்பட்டன. கூடை கூடையாக அதைச் சுமந்தவர்கள் தொழிலாளர். அவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரும் இருந்தனர். கொழும்புத் துறைமுகத்தின் செல்வச் செழிப்பைப் பாடியவர் பலர். கரித்தூளை மூச்சோடு இழுத்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இரண்டாம் கட்டம் ஒரு கனவின் காலம். 1918 இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், இலங்கையின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார். மலைநாட்டில் வீணே விழும் அருவிகளே நமது நிலக்கரி என்பது அவர் கண்ட உண்மை. மேற்கு நாட்டாரும் நீர்வலுவை 'வெள்ளை நிலக்கரி' என்றே அழைத்தனர். 1920களில் தொடங்கிய லக்சபான வேலை பணமுடையால் நின்றது. அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற அவர் 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் இதையே வலியுறுத்தினார். ஈற்றில் 1950 இல் லக்சபான மின்சாரம் வந்தது. முதலில் 25 மெகாவற். மூன்றாண்டுகளின் பின் அவர் மறைந்தார். ஒரு மனிதனின் சொல் ஒளியாக மாற முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

அதன்பின் பொல்கொல்லை, விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று மகாவலி அணைகள் எழுந்தன. மழை பெய்தால் மின்சாரம் என்பது நமது இயல்பு வாழ்வாயிற்று. ஆனால் மழை மனிதரோடு ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை. 1996 இல் அது பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வரண்டு, நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் நின்றன. கடைகளில் மெழுகுதிரிக்கும் மின்பிறப்பாக்கிக்கும் கிராக்கி ஏற்பட்டது.

இவ்விடத்தில் வடபுலத்தையும் நினைவுகூராமல் இருக்க முடியாது. தெற்கு எட்டு மணித்தியால இருளைச் சபித்த அந்த ஆண்டில், யாழ்ப்பாணம் தேசிய மின்வழங்கலிலிருந்து அறுபட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். ஒரு செய்தியறிக்கைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைத் தம் கைவலியால் அறிந்தவர்கள் அவர்கள். மின்சாரம் ஆடம்பரம் என்று பேசுவோரை நான் மதிப்பதில்லை. அது இல்லாத வாழ்வு எப்படியென்று அந்தத் தலைமுறையைக் கேட்டால் தெரியும். ஆகவே, அபிவிருத்தி அடையும் நாடொன்று மின்வலுவுக்காக அலைவதைக் குறை கூற எனக்கு மனமில்லை.

நிலக்கரி மீண்டும் வந்தது இந்த நியாயத்தோடுதான். எண்ணெயைவிட விலை குறைவு, மழையைப்போல ஏமாற்றாது, இரவும் பகலும் ஒரே சீராக எரியும். 1980களிலேயே திருகோணமலையில் அனல்மின் நிலையம் அமைக்கும் திட்டம் எழுந்து, சுற்றாடல் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. பின்னர் கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலை தெரிவாயிற்று. எத்தனை அழகிய தமிழ்ப் பெயர்! அலைநுரையும் சோலையும் கூடிய ஊர். வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல் நிலம். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் ஆயிரக்கணக்கானோர் புகலடைந்த பிரதேசமும் இதுவே. அருகில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். மீனவரும் விவசாயிகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். எனினும் 2006 இல் வேலை தொடக்கி வைக்கப்பட்டது. சீனக் கடனுதவியுடன், 2011 மார்ச்சில் முதலாவது 300 மெகாவற் இயந்திரம் இயங்கியது. 2014 இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவற் ஆயிற்று.

இது இயங்கும் முறையைச் சுருங்கக் கூறலாம். கரியை மாவாக அரைத்து உலையில் ஊதி எரிப்பார்கள். அந்த வெப்பத்தில் எழும் நீராவி சுழலியைச் சுழற்றும். ஒரு யுனிற் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் கரி வேண்டும். நம் வீட்டில் பத்து வற் விளக்கொன்று நூறு மணித்தியாலம் எரிய, எங்கோ இந்தோனேசியாவிலோ தென்னாபிரிக்காவிலோ ரஷ்யாவிலோ வெட்டப்பட்ட அந்தச் சிறு கட்டி இங்கே சாம்பலாக வேண்டும். ஆண்டுக்கு இவ்விதம் இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கடல் கொந்தளிப்பதால் அக்காலத்தில் கரி இறக்க முடியாது. எஞ்சிய மாதங்களிலேயே முழு ஆண்டுக்கும் வேண்டியதை இறக்கித் திறந்த வெளியில் மலைபோலக் குவித்து வைக்கிறார்கள். நாம் மழைக்காகக் காத்திருந்தது போய், இப்போது கடல் அமைதியடையக் காத்திருக்கிறோம்!

அந்தக் குவியலிலிருந்து காற்றோடு கிளம்பும் தூளும் எரிந்த சாம்பலும் தம் பயிர்களிலும் வீடுகளிலும் படிகின்றன என்பது அயலவர்களின் நீண்டகால முறைப்பாடு. சாம்பலின் ஒரு பகுதி சீமெந்து உற்பத்திக்குச் செல்கிறது; எஞ்சியது அங்கேயே கிடக்கிறது. முன்பு கொழும்புத் துறைமுகத்தில் கூடை சுமந்தவர் தோளில் படிந்த கரி, இப்போது நுரைச்சோலையின் வெங்காயப் பாத்தியில் படிகிறது.

மறுபுறத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். 2016, 2017 ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் 1996 இன் இருள் திரும்பவில்லை. அவசரமாக வாங்கிய எண்ணெய் மின்சாரத்தோடு நுரைச்சோலையும் அதைத் தடுத்து நின்றது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரே நிலையம் தந்து வந்திருக்கிறது. ஆனால் அதுவே அதன் பலவீனமும் ஆகும். 2020 ஓகஸ்டிலும் 2025 பெப்ரவரியிலும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, நீர்மின் நிலையங்கள் விரைவில் எழுந்தன. நுரைச்சோலையோ மீண்டும் சூடேறி முழுமூச்சாக இயங்க நாட்கள் எடுத்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோமே, அப்போது நீர்நிலைகளும் வற்றியிருந்தன. ஆயினும் பெரிய குறை டொலர் இல்லாமை. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. அவ்வாண்டே கரிக் கப்பலுக்கும் அதே கவலை வந்தது. பிறர் மண்ணைத் தோண்டி எரிக்கும் நாடு, பிறர் நாணயத்தையும் தேட வேண்டியிருக்கிறது.

இனிச் சம்பூர். கொட்டியாரக் குடாவின் கரையில், பத்திரகாளி அம்மன் குடிகொண்ட அந்த ஊரின் மக்கள் 2006 இல் போரினால் விரட்டப்பட்டனர். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்கள் ஊரில் இல்லாத வேளையில் அங்கே 500 மெகாவற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் தீர்மானமாகி, 2011 இல் இந்திய, இலங்கைக் கூட்டு நிறுவனமும் உருவாயிற்று. வீட்டுக்காரர் முகாமில் இருக்க, வீட்டின் எதிர்காலத்தை மற்றவர்கள் வரைந்தனர். 2015 முதல் மக்கள் திரும்பினர்; எதிர்ப்புக் குரலும் வழக்கும் எழுந்தன; 2016 இல் அரசு அத்திட்டத்தைக் கைவிடுவதாக உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதே சம்பூரில் 120 மெகாவற் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. புதிய நிலக்கரி நிலையம் அமைப்பதில்லை என 2021 இல் உலக அரங்கில் உறுதியளித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஆயினும் நுரைச்சோலையின் உலை நாளையே அணைந்துவிடப் போவதில்லை, அணைக்கவும் இயலாது. வெயிலும் காற்றும் மழையும் சேர்ந்து இரவுப் பொழுதின் தேவையைத் தாங்கும் வரை கரி எரியத்தான் செய்யும். என் கருத்து இதுதான். மின்வலுத் திட்டமொன்றைப் பற்றிப் பேசும்போது, யுனிற்றுக்கு எத்தனை ரூபா என்று மாத்திரம் கேட்கிறோம். யாருடைய காணி, யாருடைய கிணறு, யாருடைய மூச்சு என்ற கேள்விகளுக்கும் அந்தக் கணக்கில் ஒரு நிரல் வேண்டும். கரிக்கு மாத்திரமன்று, சம்பூரின் சூரியத் தகட்டுக்கும் இது பொருந்தும். திட்டம் தீட்டப்படும் நாளிலேயே ஊரவர் அழைக்கப்பட்டால், சாம்பல் படிந்த பின் எழும் முறைப்பாடுகளில் பாதி குறையும். மின்சாரமின்றித் தவித்த நமக்கு மின்சாரத்தின் அருமை தெரியும். ஊரை இழந்து தவித்த நமக்கு ஊரின் அருமையும் தெரியும். இரண்டையும் அறிந்தவர்கள் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?