கூரைக்குக் கீழே எரிந்த விளக்கு

இங்கிலாந்தில் 1877-ஆம் ஆண்டு ஆர்தர் டவுன்ஸ் என்ற வைத்தியரும் தாமஸ் பிளண்ட் என்ற ரசாயன நிபுணரும் ஒரு ஜன்னல் விளிம்பில் சில கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்தார்கள். குழாய்களில் இருந்தது சர்க்கரை சேர்ந்த ஒரு திரவம். சில நாள் விட்டுவைத்தால் கிருமிகள் பெருகிக் கலங்கிப்போகும் இயல்புடையது. சில குழாய்களை ஈயத் தகட்டால் மூடி, மற்றவற்றை வெயிலுக்குத் திறந்து விட்டனர். ஈயத்தின் இருளுக்குள் இருந்தவை கலங்கின. வெயில் பட்டவை வைத்தபடியே தெளிவாக நின்றன. அதன்பின் ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்துப் பார்த்தபோது, இந்த அழிக்கும் சக்தி பெரும்பாலும் நீலத்துக்கும் ஊதாவுக்கும் உரியது என்று கண்டு, அதை லண்டன் ராயல் சங்கத்துக்குத் தெரிவித்தார்கள்.

அந்தச் சக்தியை வைத்தியத்துக்கு இழுத்து வந்தவர் கோபன்ஹேகன் நகரத்து நீல்ஸ் ஃபின்சென். கண்ணாடி தடுத்துவிடும் கதிர்களைப் படிகக்கல் வில்லைகள் தடுப்பதில்லை என்பதால், கார்பன் வில் விளக்கின் ஒளியை அத்தகைய வில்லைகளால் குவித்து, குளிர்ந்த நீர் ஓடும் ஒரு படிக வில்லையால் தோலை அழுத்தி அங்குள்ள ரத்தத்தை விலக்கி, முகத்தைத் தின்னும் தோல் காசநோயை அவர் ஆற்றினார். 1903-ல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நெடுநாள் நோயாளியாகவே உழைத்த அம்மனிதர் மறு ஆண்டே, நாற்பத்து மூன்று வயதில், காலமானார்.

ஆனால் ஒளி ஏன் கொல்லுகிறது என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. நியூயார்க் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தில் ஃபிரெடரிக் கேட்ஸ், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துக் கிருமிகளின்மேல் செலுத்தி, 265 நானோமீட்டரை ஒட்டி அவற்றின் கடுமை உச்சத்தை அடைகிறது என்றும், அந்த வளைகோடு நியூக்ளிக் அமிலப் பொருள்கள் ஒளியை உறிஞ்சும் வளைகோட்டையே ஒத்திருக்கிறது என்றும் 1930 வாக்கில் எழுதினார். பரம்பரைக் குணங்களைத் தாங்குவது நியூக்ளிக் அமிலங்களில் ஒன்றான டி.என்.ஏ. என்பதை அதே ஸ்தாபனத்தில் ஆவெரி என்ற விஞ்ஞானி நிறுவுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, விடையின் நுனி கேட்ஸின் கையில் இருந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் என் மனம் அதிகம் தங்குவது வில்லியம் வெல்ஸிடத்தில்தான். இவர் தொழிலால் வைத்தியர் அல்லர். நீரின் தூய்மையைக் கவனித்து வந்த சுகாதாரப் பொறியாளர். தும்மலிலும் இருமலிலும் தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடுகின்றன. சிறியவையோ விழுவதற்கு முன்பே ஈரம் உலர்ந்து, தூசியினும் நுண்ணிய கருக்களாகி, நோயைச் சுமந்துகொண்டு அறையில் நெடுநேரம் மிதக்கின்றன என்று அவர் 1934-ல் கணக்கிட்டுக் காட்டினார். நீரைச் சுத்திகரிப்பதுபோல் காற்றையும் ஏன் சுத்திகரிக்கலாகாது என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது இயல்பே. வைத்தியரான மனைவி மில்ட்ரெட்டுடன் சேர்ந்து, 1937 முதல் பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் நண்பர்கள் பள்ளி முதலான இடங்களில் பாதரச ஆவி விளக்குகளை வகுப்பறைகளில் பொருத்தினார். அவை 254 நானோமீட்டர் கதிரை வீசுபவை; கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்பவை. ஆகையால் தலைக்கு மேலே, ஒளி கீழே விழாதபடி மறைப்புகளோடு அவை மாட்டப்பட்டன; கூரையை ஒட்டிய காற்றில் மட்டுமே கதிர் படர்ந்தது. குழந்தைகளின் உடற்சூட்டால் வெதும்பி மேலேறும் காற்று அங்கே கதிரில் தோய்ந்து, சுத்தமாகித் திரும்ப இறங்கும். 1941-ல் அவ்வூரில் தட்டம்மை பரவியபோது, விளக்கில்லாத வகுப்புகளோடு ஒப்பிட, விளக்கெரிந்த வகுப்புகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே நோய் கண்டது.

இவ்வளவு தெளிவான பலன் கண்ட பிறகும் அந்த விளக்கு அணைந்துபோனது எப்படி? பிற ஊர்களில் செய்த சோதனைகள் தோற்றன. அந்தக் குழந்தைகள் வகுப்பறையில் காப்பாற்றப்பட்டாலும், விளக்கில்லாத பள்ளிப் பேருந்திலும் தெருவிலும் ஒன்றாக மூச்சு விட்டார்கள் என்பதை எண்ணாமல், முறையே பயனற்றது என்று பலர் முடிவு கட்டினர். 1957-58-ன் இன்புளூயன்ஸா காலத்தில் கலிபோர்னியாவின் லிவர்மோர் மருத்துவமனையில், விளக்கிருந்த கட்டடத்தில் நூற்றுக்கு 2 பேரும், விளக்கில்லாத கட்டடத்தில் நூற்றுக்கு 19 பேரும் நோயுற்றனர் என்ற செய்திகூடக் காதில் ஏறவில்லை. காசத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசினும், 1963-ல் தட்டம்மைக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டன. வெல்ஸ் இறந்ததும் அதே 1963-ல்தான். மருந்து வந்ததற்காகக் காற்றை மறந்தது பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். நமக்கு அதன் விலை கொரோனா பரவிய 2020-ல் தெரிந்தது.

ஒளி கொல்லும் ரகசியம் இதற்கிடையே வெளிப்பட்டிருந்தது. டச்சு விஞ்ஞானிகள் பாய்க்கர்ஸும் பேரண்ட்ஸும் 1960-ல், டி.என்.ஏ.வின் கூறுகளில் ஒன்றான தைமினின் உறைய வைத்த கரைசலின்மேல் புற ஊதாக் கதிரைச் செலுத்தியபோது, அடுத்தடுத்த தைமின்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்வதைக் கண்டார்கள். ஏணியின் இரு படிகள் ஒன்றாய்ப் பிணைந்துகொண்டால் ஏறுகிறவன் கால் இடறுவதுபோல, மரபுச் செய்தியைப் பிரதி எடுக்கும் வேலை அந்த இடத்தில் தட்டி நின்றுவிடுகிறது. தட்டம்மை, இன்புளூயன்ஸா ஆகியவற்றின் ஆர்.என்.ஏ.வில் தைமினின் இடத்தில் உள்ள யுராசிலுக்கும் இதே கதிதான்.

கிருமியின் உள்ளே நடப்பதை இன்னும் நெருங்கி அறிய, இனி வேண்டியது அணுக்களின் அசைவையே காண்பது. அதற்கான வழியில் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம், எந்தக் கோணங்களில் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு, ஜி. என். ராமச்சந்திரன் தம் சகாக்களோடு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரைபடம் வெளியிட்டதும் அந்த 1963-ஆம் ஆண்டே. 1977-ல் கார்ப்ளஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஒரு சிறு புரதத்தின் அசைவைக் கணினியில் பின்தொடர்ந்தபோது எட்டிய காலம், ஒரு விநாடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் அவற்றில் பத்துக் கூறுக்கும் குறைவு. 2006-ல் இல்லினாய்ஸில் ஷுல்டன் குழுவினர் புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு குட்டி வைரஸ் முழுவதையும், சுற்றியுள்ள நீரோடு, ஏறக்குறைய பத்து லட்சம் அணுக்களாக கணினியில் இயக்கிப் பார்த்தனர்; உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வை நீக்கியபோது அதன் கூடு தானே சரிந்தது. கூட்டின் அதிர்வுக்கு ஒத்த அலையை வீசி அதைச் சிதைக்கலாமா என்ற ஆராய்ச்சியும் உண்டு; அது இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம்.

வெல்ஸின் விளக்கோ திரும்பி வந்திருக்கிறது. அதன் புது வடிவம் வீசும் 222 நானோமீட்டர் கதிரைப் புரதங்கள் வெகுவாக உறிஞ்சிவிடுவதால், அது தோலின் மேலுள்ள இறந்த அடுக்கைத் தாண்டி உயிருள்ள செல்களை எட்டுவது அரிது. வைரஸோ அத்தகைய கவசமற்ற நுண்பொருள். காற்றில் மிதக்கும் இன்புளூயன்ஸா வைரஸை இக்கதிர் அழிப்பதைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2018-ல் காட்டினர். பள்ளிக்கூடம் கட்டுவோருக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான்: குடிநீர்த் தொட்டிக்கு இடம் குறிக்கும்போதே, குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்கும் வரைபடத்தில் ஓரிடம் குறித்துவிடுங்கள்.