வரிக் கணக்கில் பிறந்த லுக்அப்

பொருளின் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்ததும் பக்கத்துக் கட்டங்களில் பெயரும் விலையும் தானாக வந்து உட்காருகின்றனவே, அந்த எக்செல் வித்தையின் பூர்வீகம் ஒரு வருமான வரிக் கணக்கு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1978–79 குளிர்காலம். பாப் பிராங்க்ஸ்டன் ராத்திரியெல்லாம் கண்விழித்து விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். வாடகைக் கணினிக்கு இரவில்தான் கட்டணம் குறைவு. விசிகால்க்கின் யோசனை நண்பர் டான் பிரிக்லினுடையது. எழுதிய மென்பொருளில் தன் வரியையே போட்டுப் பார்க்க உட்கார்ந்தார் பிராங்க்ஸ்டன். வரி அட்டவணையில் தேடி எடுக்க அதில் வழி இல்லை. அதற்காகவே ‘லுக்அப்’ சேர்ந்தது.

பிறந்த இடத்தின் குணம் பிள்ளையை விடவில்லை. வரி அட்டவணையில் உங்கள் வருமானம் அச்சு அசலாக இருக்காது. 12,340 டாலர் என்றால், 12,300-இல் தொடங்கும் வரிசையைப் பிடித்தால் போதும். எனவே லுக்அப்பும் தேடும் எண்ணைத் தாண்டாத பெரிய எண்ணில் போய் நின்றது. பின்னால் வந்த விரிதாள்களான லோட்டஸ் 1-2-3, எக்செல் இரண்டின் வீ-லுக்அப்பும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தன. வீ-லுக்அப் சூத்திரத்தின் கடைசியில் ‘ஃபால்ஸ்’ போட மறந்தவருக்கு வேறு பொருளின் விலை வந்து விழுவதும், எக்செல் வாயே திறக்காமல் இருப்பதும் இதனால்தான். வரி கட்டுபவருக்குச் செய்த சட்டையைக் கடைக்காரருக்கு மாட்டினால் வேறென்ன ஆகும்? சரியான பொருத்தத்தையே இயல்பாகத் தேடும் எக்ஸ்-லுக்அப் 2019-இல்தான் வந்தது.

‘தானாக’ என்பது தனிக் கதை. 1983-இல் வந்த லோட்டஸில் மேக்ரோ என்றால், தட்ட வேண்டிய விசைகளைக் கட்டங்களில் எழுதிவைப்பது; ஓடவைக்க ஆல்ட்டோடு ஓர் எழுத்தை அழுத்த வேண்டும். 1993-இல் எக்செல் 5 விபிஏ மொழியைக் கொண்டுவந்தது. எக்செல் 97-இல் ‘வொர்க்ஷீட் சேஞ்ச்’ வந்தது: தாளின் எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் எக்செல்லே மேக்ரோவைக் கூப்பிட்டு, மாறிய இடத்தை ‘டார்கெட்’ என்ற பெயரில் கையில் கொடுக்கும்.

சூத்திரமே போதாதா என்று கேட்கலாம். விலைப்பட்டியலில் நாளை விலையை மாற்றினால், சூத்திரம் போட்ட பழைய பில்களும் சேர்ந்து மாறிவிடும். மேக்ரோ அன்றைய விலையை எண்ணாகவே எழுதிவிட்டு விலகிக்கொள்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பில் போடும் தாளில் மேக்ரோவுக்குத்தான் என் ஓட்டு.

பெரும்பாலோர் இந்த மேக்ரோவைப் புதிதாக எழுதுவதில்லை. யாரோ எழுதியதை வாங்கி, பத்தியின் எழுத்தையும் தாளின் பெயரையும் மாற்றிக்கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அதைச் சாதாரண மாட்யூலில் ஒட்டினால் ஒன்றும் நடக்காது. அந்தத் தாளுக்கே உரிய நிரல் பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். இன்னொன்று: மேக்ரோ விலையை எழுதுவதும் ஒரு மாற்றம்தானே? அதற்காக அது தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும். எழுதும் முன் ‘எனேபிள் ஈவென்ட்ஸ்’ என்ற அமைப்பை அணைத்து, முடிந்ததும் போட வேண்டும். நடுவில் பிழை வந்து நின்றால் அது அணைந்தே கிடக்கும். நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஊமையானது என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். பட்டியலில் இல்லாத எண்ணைத் தட்டினால் என்ன செய்வது, பத்து வரிகளை மொத்தமாக ஒட்டினால் என்ன செய்வது என்பதையும் மேக்ரோவில் சொல்லிவையுங்கள்.

மேக்ரோ எழுதியதைக் கண்ட்ரோல்-இசட் திரும்ப வாங்கித் தராது. கோப்பை ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.