லினக்ஸில் சத்தம் வராத கதை

2011-ல் தமிழக அரசு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எங்க ஒட்டன்சத்திரத்துல நிறைய வீடுகளுக்குள் கணினி நுழைந்தது. ஆர்வத்தில் லினக்ஸ் போட்டுப் பார்த்த பசங்களின் முதல் புகார்: "படம் ஓடுது, சத்தம் வரலைங்க."

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஓஎஸ்எஸ் முறையில், பல சவுண்ட் கார்டுகளை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பயன்படுத்த முடியும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அல்சா அதன் இடத்தைப் பிடித்தது. 2007-08-ல் ஃபெடோரா 8, உபுண்டு 8.04 இரண்டும் அதன்மேல் பல்ஸ்ஆடியோவை ஏற்றின. எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து தருவது அதன் வேலை. ஆனால், அதுவரை யாரும் சீண்டாத டிரைவர் பிழைகளை அது கிளறிவிட்டது. பிழை கீழே, திட்டு மேலே!

2021-ல் ஃபெடோரா 34 பைப்வயருக்கு மாறியது. பழைய நிரல்களை மாற்றச் சொல்லாமலே அது பல்ஸ்ஆடியோவின் இடத்தில் உட்கார்ந்தது. அதற்குள் சத்தத்துக்காகவே விண்டோஸுக்குத் திரும்பிப் போனவங்க எத்தனை பேரோ!