மனுவின் ‘பார்வை’: சென்னைப் புறநகரில் குடியிருப்போர் நலச் சங்கங்களின் வளர்ச்சி

சென்னைப் புறநகரில் ‘நகர்’ என்று முடியும் பெயருடைய குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றில் சாலையும் வடிகாலும் குடிநீர்க் குழாயும் வருவதற்கு வெகுகாலம் முன்பே வீடுகள் வந்துவிட்டன. ஏரிப் பாசனத்தில் விளைந்த வயல்களும் தோப்புகளும் மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டன. வாங்கியவர்கள் கடன் பெற்று வீடு கட்டிக் குடியேறிய பிறகே, மழைநீர் எந்தப் பக்கம் வடியும், கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்விகள் எழுந்தன. அக்கேள்விகளைத் தனி மனிதராகக் கேட்டுப் பயனில்லை என்று கண்டவர்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பே குடியிருப்போர் நலச் சங்கம். மனு எழுதுவதற்காகத் தோன்றிய இந்த அமைப்பு, உள்ளாட்சி நிர்வாகத்தின் ஒரு பகுதியை எவ்வாறு தன் தோளில் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே இவ்வளர்ச்சிக்கு அடிப்படை. நகரத்தில் வேலை, ரயில் பாதையோரம் வீடு என்ற வாழ்க்கை முறை அதன்பின் சாத்தியமாயிற்று. விடுதலைக்குப் பின்னர் கிண்டி, அம்பத்தூர், ஆவடி ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகளும் பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலைகளும் எழுந்தபோது, அவற்றைச் சுற்றியிருந்த கிராமங்களில் மனைப்பிரிவுகள், அதாவது பேச்சுவழக்கில் ‘லேஅவுட்’ எனப்படுபவை, விரைந்து பெருகின. இவற்றுள் திட்ட அனுமதி பெற்றவை ஒரு வகை என்றால், ஊராட்சியின் ஒப்புதலை மட்டும் காட்டி விற்கப்பட்டவை இன்னொரு வகை. அனுமதி பெற்ற மனைப்பிரிவில் பூங்காவுக்கென நிலம் ஒதுக்கப்பட்டிருக்கும். அனுமதியற்றதில் அந்த இடமும் பெரும்பாலும் மனையாகிவிட்டிருக்கும். குடியேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கும் வருவாயோ பணியாளரோ கிராம ஊராட்சிகளிடம் இல்லை. முதல் சங்கங்களின் கோரிக்கைகள் தெருவிளக்கு, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்ததற்கு இதுவே காரணம்.

இச்சங்கங்களுக்குச் சட்ட வடிவம் தந்தது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். ஏழு பேர் சேர்ந்து துணை விதிகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவுசெய்தால் சங்கம் சட்டப்படி நிலைபெறும்; ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுவதும் வரவுசெலவுக் கணக்கைத் தாக்கல் செய்வதும் அதன் கடமைகளாகும். பதிவு எண் அச்சிட்ட கடிதத்தாளுக்கு அலுவலகங்களில் கிடைத்த மதிப்பு சிறிதன்று. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களும் தபால், தொலைபேசி, வருவாய்த் துறைகளில் எழுத்தராக இருந்தவர்களும் பல சங்கங்களில் செயலாளர் பொறுப்பை ஏற்றது தற்செயலானதன்று. கோப்பு எவ்வழியே நகரும், எங்கே தேங்கும் என்பதைப் பணிக்காலம் முழுதும் கண்டவர்கள் அவர்கள்.

அவர்கள் எழுதிய மனுவின் அமைப்பை இங்கே உற்றுநோக்க வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்னும் மூன்றுக்கும் அடுத்ததாக ‘பார்வை’ என்றொரு பகுதி இருக்கும். இதே பொருள் குறித்து முன்னர் அனுப்பிய கடிதங்களின் நாளும் எண்ணும், அலுவலகத்திலிருந்து பதில் வந்திருந்தால் அதன் எண்ணும், அங்கே வரிசையாகக் குறிக்கப்படும். ஒரு தெருவின் வடிகால் கோரிக்கை பல ஆண்டுகள் நீளும்போது, பார்வைப் பகுதி பொருளைவிட நீண்டுவிடுகிறது. பொறியாளர் மாற்றலாகிப் போவார், கவுன்சிலர் மாறுவார், ஊராட்சி பேரூராட்சியாகி நகராட்சியாகும்; இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் கோரிக்கையின் தொடர்ச்சியைக் காத்து நிற்பது செயலாளர் வீட்டு அலமாரியிலுள்ள அந்தக் கோப்புதான். புறநகர் வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதிய அளவு பயன்படுத்தாத ஆவணத் தொகுதி இது. செயலாளரின் மறைவுக்குப் பின் பழைய தாளாக எடைக்குப் போய்விடும் ஆபத்தும் இதற்கு உண்டு.

சங்கங்கள் மனுவைக் கடந்து நேரடிப் பணிக்கு வந்ததற்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத காலம் ஒரு முக்கியக் காரணமாகும். 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996-இல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. நகராட்சிகளில் 1986-இல் தேர்தல் நடந்தபோதிலும், அம்மன்றங்களின் காலம் முடிந்தபின் 1996 வரை அவையும் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. முறையிடுவதற்கு உறுப்பினரே இல்லாத அந்த ஆண்டுகளில்தான், 1989-இல், எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். அதன் முறைப்படி, தெருவாசிகள் மாதச் சந்தா செலுத்தி ஒரு பணியாளரை அமர்த்துவர். அவர் மூன்றுசக்கர வண்டியில் வீடுவீடாகக் குப்பையைச் சேகரித்து மாநகராட்சியின் தொட்டியில் சேர்ப்பார். வீட்டு வாசலுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட தொலைவை யார் பொறுப்பேற்பது என்ற, அதுவரை யாருடையதும் அல்லாத கேள்விக்குத் தெருவே விடையளித்த ஏற்பாடு இது. 2000-ஆம் ஆண்டில் வெளியான மத்திய அரசின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வீடுவீடாகக் குப்பை சேகரிப்பதை உள்ளாட்சியின் கடமையாக்கியபோது, தெருச் சங்கங்கள் ஏற்கெனவே நடத்திக் காட்டிய ஒன்றே சட்டமாயிற்று.

நலச் சங்கங்களின் வரலாற்றில் ஆலந்தூருக்குத் தனியிடம் உண்டு. அன்று நகராட்சியாக இருந்த ஆலந்தூரில் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகள் செப்டிக் டேங்கை நம்பியிருந்தன. 1996 தேர்தலுக்குப் பின் நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதியின் காலத்தில், மக்களின் முன்பணத்தையும் கடனையும் தனியார் பங்களிப்பையும் இணைத்துப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுக்கப்பட்டது. இந்திய நகராட்சிகளில் இதற்கு முன்னுதாரணம் அரிது. வீட்டு இணைப்புக்கு ரூ. 5,000, வணிக இணைப்புக்கு ரூ. 10,000 என முன்பணம் குறிக்கப்பட்டது. பள்ளம் தோண்டப்படும் முன்பே, கண்ணில் காணாத ஒரு குழாய்க்காக, அன்றைய மதிப்பில் கணிசமான அத்தொகையை நடுத்தரக் குடும்பங்களிடம் கேட்பது எளிய காரியமன்று. நகராட்சி இதற்காக நாடியது நலச் சங்கங்களையே. கூட்டங்களில் எழுந்த ஐயங்களுக்குத் தலைவரும் அலுவலரும் நேரில் பதிலளிக்க, சங்க நிர்வாகிகள் அண்டை வீட்டாரிடம் பேசி இசைவு பெற்றனர். 2000-இல் பணி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடுத்த சில ஆண்டுகளில் இணைப்புகள் வழங்கப்பட்டன. ஆலந்தூரைப் பற்றிய ஆய்வுகள் நிதி ஏற்பாட்டையே பெரிதும் பேசுகின்றன; ஆனால் அந்த நிதி ஏற்பாட்டுக்கு அடியில் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லை நம்பிப் பணம் கட்டிய தெருவின் நம்பிக்கை. அரசு ஆணையால் அதை உருவாக்க முடியாது.

2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆலந்தூர், அம்பத்தூர் உள்ளிட்ட 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 கிராம ஊராட்சிகளும் அதில் இணைந்தன. இந்த உயர்வில் ஓர் இழப்பும் உண்டு என்பது போதிய கவனம் பெறவில்லை. ஊராட்சியாக இருந்தவரை, வாக்காளர் எவரும் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமையுடைய கிராம சபை அங்கே இருந்தது. மாநகராட்சியின் வார்டாக மாறியதும் அச்சபை மறைந்தது, அதற்கு ஈடானது எதுவும் வரவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டுமென விதித்திருந்தும், மக்கள் நேரில் அமர்ந்து பேசும் மன்றங்களாக அவை தமிழ்நாட்டில் உருப்பெறவில்லை. அவ்வெற்றிடத்தில் நலச் சங்கத்தின் மாதக் கூட்டமே மக்கள் கூடிப் பேசும் இடமாக எஞ்சியது.

அடுத்த பத்தாண்டு சங்கங்களைக் கடுமையாகச் சோதித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது, எந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார், எந்தத் தெருவில் படகு செல்லும் என்பதை அறிந்திருந்தவர்கள் அந்தந்தத் தெருவினர்தாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள், அதாவது அனுமதியின்றி உருவானவற்றைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் விதிகள், வெளிவந்தன. தனி மனைக்கு முன் மனைப்பிரிவு முழுமைக்கும் ஒப்புதல் தேவைப்பட்டதால், சிதறிக்கிடந்த உரிமையாளர்களை ஒன்றுசேர்க்கும் வேலை சங்கங்களின் மேல் விழுந்தது. இந்த வரன்முறை வேலை நடந்தபோது நகர்ப்புற மன்றங்கள் மீண்டும் காலியாக இருந்தன. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த அவற்றுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது.

இந்த உழைப்பை மதிக்கும் எவரும் இவ்வமைப்பின் குறையைச் சொல்லாமல் விடலாகாது. பெயரில் ‘குடியிருப்போர்’ என்றிருந்தாலும், பல சங்கங்களின் துணை விதிகள் வீட்டு உரிமையாளரை மட்டுமே உறுப்பினராக ஏற்கின்றன. அதே தெருவில் பத்தாண்டு வாடகைக்கு இருந்து, அதே லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றவருக்குப் பொதுக்குழுவில் வாக்கில்லை. ஏரிக்கரையோரம் வாழும் ஏழைக் குடும்பங்கள், சில சங்க மனுக்களில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லாக மட்டுமே இடம்பெறுகின்றன; அதே ஏரியின் உபரிநீர்க் கால்வாயை மறித்து எழுந்த மனைப்பிரிவுகள் அச்சொல்லால் குறிக்கப்படுவது அரிது. தண்ணீர்த் தட்டுப்பாட்டின் சுமையைச் சுமந்த பெண்கள் நிர்வாகக் குழுக்களில் குறைவாகவே காணப்படுவதும் இக்குறையின் தொடர்ச்சியே.

2022-இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளை அறிவித்தது. பகுதி சபை என்பது ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாக்காளர்களும் கூடும் அவை. சொந்த வீடு, வாடகை வீடு என்ற வேறுபாடு அங்கில்லை. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 2021 நவம்பரில், 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து உருவான மாநகராட்சி தாம்பரம். பத்து மன்றங்கள் இருந்த இடத்தில் இப்போது 70 வார்டுகளுடன் ஒரே மன்றம் இருப்பதால், ஒரு கவுன்சிலர் முன்னைவிட மிகுதியான தெருக்களுக்குப் பொறுப்பாகிறார். இங்குள்ள சங்கங்கள் ‘பெறுநர்: ஆணையர், தாம்பரம் மாநகராட்சி’ என்று எழுதத் தொடங்கிவிட்டன, அதற்குக் கீழே பார்வைப் பகுதியில், இன்று இல்லாத பேரூராட்சிக்கு எழுதிய கடிதங்களின் நாளும் எண்ணும் தொடர்கின்றன.